உப்புக் காற்றும் வேப்பிலையும்

வடபுலக் கரையோரத்து நம்பிக்கைகளும் கைமருந்துகளும்

உழவன் விதைத்த நிலம் விடிந்த பின்னும் இருந்த இடத்திலேயே கிடக்கும். கடற்றொழிலாளன் நேற்று வலை விரித்த கடலோ இன்று வேறொரு கடல். நீரோட்டம் மாறியிருக்கும்; காற்றுத் திரும்பியிருக்கும்; மீன்கூட்டம் வேறு வழி பிடித்திருக்கும். மாலையிற் புறப்பட்டவன் விடியலிற் கரை சேர்வான் என்பதற்கு எவரும் பிணை நிற்பதில்லை. இத்தகைய வாழ்க்கையிலே சகுனமும் நேர்த்தியும் காப்பு நூலும் செறிந்து கிடப்பதில் வியப்பென்ன?

மானிடவியல் அறிஞர் மலினோவ்ஸ்கி, முதலாம் உலகப் போர்க் காலத்திற் பசிபிக் சமுத்திரத்திலுள்ள துரோபிரியாந்துத் தீவுகளில் வாழ்ந்து ஆராய்ந்தவர். அங்குள்ள மக்கள் அமைதியான களப்பில் மீன்பிடிக்கும்போது மந்திரம் எதுவும் ஓதுவதில்லை. ஆபத்து நிறைந்த திறந்த கடலுக்குச் செல்லும்போதே மந்திரச் சடங்குகள் பெருகுகின்றன என்று அவர் எடுத்துக்காட்டினார். திறமை எங்கே முடிகின்றதோ அங்கே மந்திரம் தொடங்குகின்றது என்பது அவர் முடிபின் சாரம். நம் நாட்டுக் கரையோரத்துக்கும் இது பொருந்தும். முழங்கால் நீரில் இறால் பிடிப்பவனுக்கு நல்ல நேரம் பார்க்க வேண்டிய தேவை குறைவு. கரை கண்ணுக்கு மறையும்வரை செல்பவனுக்கே நாளும் கோளும் வேண்டியிருக்கின்றன.

மன்னார் தொடங்கித் தீவுப்பகுதி, மயிலிட்டி, வல்வெட்டித்துறை, பருத்தித்துறை, வடமராட்சி கிழக்கு என வளைந்து முல்லைத்தீவு வரை நீளும் கரையோரத்தில் வழங்கும் நம்பிக்கைகளையும் கைமருந்துகளையும் ஈண்டுச் சிறிது நோக்குவோம். அவற்றை முழுவதும் மூடத்தனம் என்று தள்ளுவோரும் உளர். முழுவதும் முன்னோர் ஞானம் என்று தலைமேற் கொள்வோரும் உளர். இரு சாராரும் ஒன்றை மறந்துவிடுகின்றனர். இந்நம்பிக்கைகளுட் சில உயிரைக் காத்துள்ளன. வேறு சில உயிரைக் குடித்துள்ளன. எவை எவை என்று பிரித்தறிவதே நம் கடன்.

காற்றும் நிலவும்

சோளகம், வாடை, கொண்டல், கச்சான் என்பன கரையோரத்தானுக்கு வெறும் காற்றுப் பெயர்களல்ல. அவை அவனுடைய நாட்காட்டி. வைகாசி முதல் ஏறத்தாழப் புரட்டாதி வரை சோளகம். கார்த்திகை முதல் மாசி வரை வாடை. வாடைக் காலத்தில் வடகீழ்க் கடல் கொந்தளிக்கும், தொழில் தளரும். எந்தக் காற்றில் எந்தப் பக்கத்துக் கடல் இடங்கொடுக்கும் என்ற அறிவு, தொழில் இடத்தை மாற்றி வாடி அமைத்துத் தங்கும் வழக்கத்துக்கு அடிப்படையாயிற்று.

“அகல் வட்டம் பகல் மழை” என்பது பழமொழி. நிலவைச் சுற்றித் தோன்றும் பெரிய ஒளிவட்டம், வானத்தின் மிக உயரத்திலே பரவும் மெல்லிய முகிலில் உள்ள பனிப்பளிங்குகளால் உண்டாவது. அத்தகைய முகில் பல வேளைகளில் மழைக்கு முன்னோடியாக வருவதனால் இப்பழமொழியை வானிலை அறிஞரும் ஒதுக்கார். காற்றில்லாத வேளையிலே கடல் இரைந்து பெரிய அலைகள் கரையில் வந்து மோதுமாயின், வள்ளத்தை மேட்டுக்கு ஏற்றிவிட வேண்டும் என்பதும் இத்தகையதே. தொலைவிலே சுழலும் புயல் எழுப்பிய நீண்ட அலைகள், புயலை முந்திக்கொண்டு கரைக்கு வந்துவிடுகின்றன. 1964ஆம் ஆண்டு டிசம்பர் 22, 23ஆம் நாட்களில் தனுஷ்கோடியை அழித்த பெரும்புயல் நம் வடகரையையும் தாக்கி உயிர்களைக் கொண்டுசென்றது. கடலின் ஓசைக்குச் செவிகொடுக்கும் பழக்கம் ஏன் மக்களிடம் வேரூன்றியது என்பதை அந்த ஆண்டை அறிந்தோர்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

ஆகவே, நம்பிக்கை என்று நாம் பெயரிடுவனவற்றுள் ஒரு பகுதி உண்மையில் அவதானிப்பு. ஏட்டில் எழுதப்படாத காரணத்தால் அது நம்பிக்கையின் உடையை அணிந்து நிற்கின்றது.

சகுனமும் நேர்த்தியும்

தொழிலுக்குப் புறப்படுகின்றவனை “எங்கே போகிறாய்?” என்று கேட்கலாகாது, பின்னின்று அழைக்கலாகாது. பூனை குறுக்கே போனால் சற்று நின்று செல்ல வேண்டும். பல்லி சொல்லும் திசைக்கும் பலன் உண்டு. பல நாள் மீன்படாத வலைக்கு நாவூறு பட்டுவிட்டது என்பர். வேப்பிலை செருகிச் சாம்பிராணிப் புகை காட்டுவர். செத்தல் மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பிலே போட்டு நாவூறு கழிப்பது குழந்தைக்கும் உண்டு, வள்ளத்துக்கும் உண்டு. மாலையில் விளக்கு வைத்த பின் உப்பை அயலாருக்குக் கொடுத்தலாகாது என்பதும் வீட்டுக்கு வீடு வழங்கும் விதி.

இவற்றுக்கு மேலே தெய்வங்களின் காவல். வல்லிபுர ஆழ்வார் புரட்டாதி மாதத்திற் கடலாடித் தீர்த்தம் கொடுக்கின்றார். தொண்டைமானாற்றங்கரையிலுள்ள செல்வச்சந்நிதியிலே பூசகர் வாயைத் துணியாற் கட்டி மௌனமாகப் பூசை செய்கின்றார். தீராத நோயாளர் அங்கே வந்து கிடந்து குணம் வேண்டுகின்றனர். வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலில் வைகாசிப் பொங்கலை ஒட்டி முல்லைத்தீவுக் கடலிலிருந்து தீர்த்தம் எடுத்து, அந்த உப்பு நீரிலே விளக்கேற்றுகின்றனர். கத்தோலிக்கராகிய கடற்றொழிலாளருக்கு அந்தோனியார் துணை. கச்சதீவிலே அவர் பெருநாளுக்கு இரு கரை மக்களும் கூடுவர். மடுத் திருப்பதி மண் பாம்பு நஞ்சைத் தடுக்கும் என்று எடுத்துச் சென்று வீட்டில் வைப்போர் சைவரிலும் உளர். சமயம் வேறுபடினும் கடல் ஒன்று, அச்சமும் ஒன்று.

இவற்றால் மீன் மிகுதியாக அகப்படும் என்று எவரும் நிறுவ முடியாது. ஆயினும் இருளிலே புறப்படுகின்றவனுக்கு நெஞ்சத் துணிவையும், கரையிலே காத்திருப்பவளுக்கு ஆறுதலையும் இவை தந்து வந்தன. பிறருக்குத் தீங்கு விளையாதவரை இவற்றோடு நாம் வழக்காட வேண்டுவதில்லை.

அம்மாள் வந்த வீடு

கொப்புளிப்பான் கண்ட வீட்டை “அம்மாள் வந்த வீடு” என்பது வழக்கு. படலையில் வேப்பிலை தொங்கும். அயலார் உள்ளே வாரார். வீட்டார் நன்மை தீமைகளுக்குச் செல்லார். தாளிதமும் பொரியலும் நிறுத்தப்படும். நோயாளி தனியிடத்தில் வெள்ளைத் துணியிலும் வேப்பிலையிலும் கிடத்தப்படுவார். காய்ந்து உதிர்ந்த பின்னர் மஞ்சளும் வேப்பிலையும் இட்ட நீர் வார்த்து வீட்டைத் தூய்மை செய்வர்.

கிருமி என்ற சொல்லை மக்கள் அறியாத காலத்திலே எழுந்த இவ்வொழுங்கு, தொற்று நோயாளியைத் தனிமைப்படுத்தும் முறையன்றி வேறென்ன? தெய்வத்தின் பெயராற் சொன்னமையால் எவரும் மீறத் துணியவில்லை. சட்டத்தால் ஆகாததைப் பக்தி செய்து முடித்தது.

எனினும், இந்தக் காவலுக்கு ஓர் எல்லை இருந்தது. பெரியம்மையை வேப்பிலை ஒழிக்கவில்லை. அம்மைப்பால் குத்தும் இயக்கமே ஒழித்தது. 1980இல் உலகச் சுகாதார நிறுவனம் பெரியம்மை உலகிலிருந்து நீங்கிவிட்டதாக அறிவித்தது. கொப்புளிப்பானிலும், மூச்சுத் திணறல் கண்டாலோ, நோயாளி கர்ப்பிணியாக இருந்தாலோ, அம்மாளைக் குளிர்விப்பதோடு நில்லாது வைத்தியரிடம் செல்லல் வேண்டும். அதனால் அம்மாள் கோபங்கொள்ளாள்.

அடுக்களை வைத்தியம்

பரிகாரியாரை அழைக்குமுன் வீட்டிலே மூதாட்டியின் கை முந்தும். தடிமன் என்றால் கொத்தமல்லி, வேர்க்கொம்பு, திப்பிலி அவித்த குடிநீர். கடித்துக் குடிக்கப் பனங்கட்டித் துண்டு. தலைப்பாரத்துக்கு நொச்சியிலை அவித்து வேது பிடித்தல். இருமலுக்கு ஆடாதோடையும் தூதுவளையும். குழந்தையின் வயிற்றுப் பொருமலுக்கு ஓமத் தண்ணீர். வசம்பை மாலையிலே பெயர் சொல்லிக் கேட்கலாகாது என்பதனால் அது “பேர் சொல்லாதது” ஆயிற்று.

பிள்ளை பெற்றவளுக்குக் காயச்சரக்கு அரைத்துக் கொடுப்பர். பத்தியக் கறி ஆக்குவர். பால் சுரக்கப் பால்சுறாவை வறையாகவோ புட்டோடு கலந்தோ கொடுத்தல் கரையோரத்தின் தனிச் சிறப்பு. சுறா தின்றதனாலேதான் பால் பெருகும் என்பது நிறுவப்படவில்லை. ஆயினும் பிள்ளை பெற்று இளைத்த உடலுக்குப் புரதம் நிறைந்த அவ்வுணவு நல்லதே. வீட்டில் எவருக்கும் முந்தி அவளுக்கு நல்ல மீன் கிடைக்க வேண்டும் என்று ஊர் விதித்த விதி அது. வறுமை மிகுந்த வீட்டில் இவ்விதியின் மதிப்பை நாம் குறைத்து எண்ணலாகாது.

ஆனால் இதே பேற்றறையில் வேறு விதிகளும் உண்டு. பிறந்த குழந்தைக்கு முதலிற் சுரக்கும் மஞ்சள் நிறப் பாலைப் பீய்ச்சி எறிந்துவிட்டுச் சீனித் தண்ணீரோ தேனோ நாவிலே தொட்டு வைப்போர் இருந்தனர். அந்த முதற்பாலே நோயெதிர்ப்புச் சத்து நிறைந்தது என்றும், பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் அதை ஊட்ட வேண்டும் என்றும் இன்றைய மருத்துவம் கூறுகின்றது. தாய்க்குத் தண்ணீரை அளந்து கொடுக்கும் வழக்கமும் இத்தகைய தீங்கே.

வயிற்றோட்டத்திலும் இவ்விரு முகங்களைக் காணலாம். உப்பிட்ட கஞ்சித் தண்ணீர் கொடுக்கும் வீடு பிள்ளையைக் காத்தது. அரிசிக் கஞ்சியும் உப்பும் உடலிழந்த நீரை மீட்கும் என்பதை அறிவியலும் ஒப்புகின்றது. “குடித்தால் இன்னும் போகும்” என்று தண்ணீரை நிறுத்திய வீடு பிள்ளையை இழந்தது. இரண்டும் ஒரே ஒழுங்கையில் வழங்கிய கைவைத்தியங்களே.

செங்கண்மாரிக்குக் கீழ்காய்நெல்லி அரைத்துப் பாலிலோ மோரிலோ கொடுப்பர். இம்மூலிகை ஈரலழற்சிக் கிருமியை அகற்றுகின்றது என்று சென்னை ஆய்வாளர் 1988இல் வெளியிட்ட செய்தி உலக மருத்துவரின் கவனத்தை ஈர்த்தது. பின்னர்ப் பிற இடங்களில் நடந்த ஆய்வுகள் அதே பயனைக் காட்டவில்லை. மூலிகை என்ற காரணத்துக்காக ஒன்றை ஒதுக்குதலும் தவறு. மூலிகை என்ற காரணத்துக்காகவே அதை ஏற்றலும் தவறு. மீண்டும் மீண்டும் சோதித்துத் தெளிதல் என்ற ஒரே வாயில்தான் இரண்டுக்கும் உண்டு.

மீனையும் பாலையும் ஒருங்கே உண்டால் வெண்குட்டம் வரும் என்பது இன்னும் பலர் வாயில் உலவுவது. அதற்கு ஆதாரம் எதுவும் இல்லை.

நஞ்சும் நாழிகையும்

திருக்கையின் வால் முள் குத்தினால் ஏற்படும் வலியை அனுபவித்தவனே அறிவான். அதற்குச் சுடு ஒத்தணம் பிடிப்பது கரையோர வழக்கம். திருக்கையின் நஞ்சு வெப்பத்தால் வலியிழக்கும் இயல்புடையது. ஆகையால் பொறுக்கக்கூடிய சூட்டு நீரிலே காயம்பட்ட காலை ஒரு மணி நேரமளவு அமிழ்த்தி வைக்குமாறு இன்றைய மருத்துவ நூல்களும் கூறுகின்றன. சொறிமுட்டை பட்ட இடத்தில் அடம்பன் இலையைக் கசக்கிப் பூசும் வழக்கமும் உண்டு. “அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு” என்று பழமொழியிலே இடம்பெற்ற அக்கொடியின் சாற்றைத் தாய்லாந்து அறிஞர் ஆராய்ந்து, அது இவ்வகை அழற்சியைத் தணிக்கவல்லது எனக் கண்டுள்ளனர்.

ஆயின் எல்லா நஞ்சும் திருக்கை நஞ்சன்று. பேத்தை மீனின் நஞ்சை எவ்வளவு நேரம் கொதிக்க வைத்தாலும் அழிக்க இயலாது; அதற்கு மாற்று மருந்தும் இல்லை. ஆதலாற் பேத்தையை உண்ணலாகாது என்ற பழைய கட்டுப்பாட்டை எழுத்துக்கு எழுத்துக் காத்தல் வேண்டும். வலையிற் சிக்கும் கடற்பாம்பின் கடி பெரும்பாலும் வலிப்பதில்லை. அதனாலேயே அதை அற்பமாக எண்ணுவர். சில மணி நேரத்தின் பின் தசை நொந்து, சிறுநீர் கருஞ்சிவப்பாகும்போதுதான் ஆபத்துப் புலப்படும். நாகம், விரியன் முதலிய நிலத்துப் பாம்புகளுக்காக இந்தியாவிலிருந்து வரும் மாற்று மருந்து கடற்பாம்பின் நஞ்சை முறிக்காது. எனவே வைத்தியசாலையின் கண்காணிப்பிலே இருத்தல் இங்கு இன்னும் இன்றியமையாதது.

நிலத்திலோ, மணற்பாங்கான வறண்ட இடங்களிற் சுருட்டை விரியனும், இரவிற் பாயிற் படுத்திருப்போரைத் தீண்டும் விரியனினங்களும் உள. கடிபட்டவனைப் பார்வை பார்ப்போரிடமும் விஷக்கல் வைப்போரிடமும் முதலிற் கொண்டுசெல்லும் வழக்கம் முற்றாக நீங்கிவிடவில்லை. கடித்த பாம்புகள் பலவும் நஞ்சற்றவை. நஞ்சுள்ள பாம்பும் சில வேளைகளில் நஞ்சைச் செலுத்தாமற் கடிக்கும். அத்தகையோர் எவர் கையிலும் பிழைப்பர். அப்பிழைப்பு மந்திரத்தின் புகழாகிவிடுகின்றது. மெய்யாக நஞ்சேறியவனுக்கோ, அந்த ஒரு நாழிகைத் தாமதமே முடிவாகிவிடுகின்றது. இறந்தவன் திரும்பி வந்து மந்திரம் பலிக்கவில்லை என்று சொல்வதில்லை. பிழைத்தவனோ ஊரெங்கும் சொல்லித் திரிகின்றான். மூடநம்பிக்கை நெடுங்காலம் வாழும் இரகசியம் இதுவேயாம்.

எதிரே வரலாகாதவள்

நம்பிக்கைகளுள் மிகக் கொடியது எது என்று கேட்டால், நஞ்சைப் பற்றியதைக் கூறுவதா, பெண்ணைப் பற்றியதைக் கூறுவதா என்று தடுமாற வேண்டியுள்ளது.

தொழிலுக்குச் செல்வோன் எதிரே கைம்பெண் வரலாகாது என்பது பழைய சகுனம். துடக்குடைய பெண் வலையைத் தொடலாகாது, வள்ளத்தை மிதிக்கலாகாது என்பதும் அவ்வாறே. கடல் ஒருவனைக் கொள்கின்றது. அவன் மனைவியின் துயரத்தை ஊர் பங்கிட்டுக்கொள்கின்றது, உண்மை. ஆனால் எட்டாம் நாளோ முப்பத்தொராம் நாளோ கழிந்த பின்னர், அதே ஊர் விடியற்காலையில் அவள் படலையைத் திறந்து வெளியே வருவதை விரும்புவதில்லை. கணவனைப் பறித்தது கடல். பழி அவள் முகத்துக்கு.

போரும் கடல்கோளும் கடந்த நம் கரையோரத்தில், கணவனை இழந்து குடும்பத்தைத் தலைமேற் சுமக்கும் பெண்கள் ஒருவர் இருவரல்லர். கருவாடு காய வைப்பவளும் வலை பொத்துபவளும் சந்தைக்கு மீன் சுமப்பவளும் அவர்களே. விடியலில் வீதிக்கு வராமல் அவர்கள் எப்படித் தொழில் செய்வது? தீங்கற்ற நம்பிக்கையோடு வழக்காட வேண்டுவதில்லை என்று மேலே கூறினோம். இந்நம்பிக்கை தீங்கற்றதன்று. இதற்கு நாட்டார் வழக்காறு என்ற பெயரிட்டுப் போற்றிக் காப்பது அறமாகாது. எழுதி வைக்கலாம், பின்பற்றலாகாது.

கடல் உள்வாங்கிய காலை

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள், பூரணை தினம், ஞாயிற்றுக்கிழமை. கடல்கோள் வடமராட்சி கிழக்கையும் முல்லைத்தீவையும் வாரிச் சென்றது. பேரலைக்கு முன்னே கடல் உள்வாங்கிய இடங்களில், மக்கள் வெறுந் தரையைக் காணச் சென்று மாண்டனர் என்பது இத்தீவெங்கும் கேட்ட செய்தி. காற்றையும் நிலவையும் அலையோசையையும் படித்து வைத்திருந்த சமூகத்திடம், “கடல் பின்வாங்கினால் மேட்டுக்கு ஓடு” என்ற ஒரு வாசகம் இருக்கவில்லை.

வியப்பு யாதெனில், தமிழ்மொழியிலே “கடல்கோள்” என்ற சொல் இருந்தது. இறையனார் களவியலுரை தொடங்கிப் பள்ளிக்கூடப் பாடம் வரை அது வழங்கியது. நாம் அதனைக் குமரிக்கண்டத்தைப் பற்றிப் பேசுவதற்கு வைத்துக்கொண்டோம். கரையில் வாழ்பவனுக்கு எச்சரிக்கையாகக் கொடுக்கவில்லை. அடிக்கடி வருவதைத்தான் வாய்மொழி நினைவிற் கொள்ளும். நூற்றாண்டுகளுக்கு ஒருமுறை வருவதை எழுத்துத்தான் காக்க முடியும். ஏடறிந்தவனும் கடலறிந்தவனும் ஒருவரோடொருவர் பேசாதிருந்தமைக்கு நாம் கொடுத்த விலை பெரிது.

பேச்சுத் தொடர வேண்டும்

இவ்விரு அறிவையும் இணைக்க முயன்றோர் நம்மிடையே இல்லாமற் போகவில்லை. யாழ்ப்பாண அரசர் காலத்து மருத்துவ அறிவு செகராசசேகரம், பரராசசேகரம் என்ற நூல்களிலே தொகுக்கப்பட்டது. பரராசசேகரத்தைச் சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் ஏழாலை ஐ. பொன்னையா பதிப்பித்து அச்சேற்றினார். 1847இல் இங்கு வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், இடையிற் சில ஆண்டுகள் நீங்க 1873 வரை பணியாற்றி, மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். “இரணவைத்தியம்”, “கெமிஸ்தம்” முதலிய நூல்கள் அவ்வாறு எழுந்தன. நோயாளிக்கு விளங்காத மொழியிற் சொல்லப்படும் மருத்துவம் மந்திரத்தை வெல்லாது என்பதை அவர் உணர்ந்திருந்தார் போலும்.

இன்று யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திற் சித்த மருத்துவமும் மேலை மருத்துவமும் கற்பிக்கப்படுகின்றன. ஆனால் கரையோரத்தின் வாய்மொழி அறிவு விரைந்து மறைகின்றது. 1990இல் இடம்பெயர்ந்த மயிலிட்டி மக்களுக்கு அவர்களுடைய துறைமுகப் பகுதி 2017இலேயே திறந்தது. இருபத்தேழு ஆண்டுகள் கடலைக் காணாத முகாம்களில் வளர்ந்த பிள்ளைக்குப் பாட்டன் எந்தக் காற்றைக் காட்டிக் கொடுப்பான்?

ஆசிரியர்களும் மாணவர்களும் இங்கே செய்யத்தக்கது ஒன்றுண்டு. தத்தம் ஊரிலே முதியோரை அணுகி, அவர் கூறுவதைத் திருத்தாமல் எழுதிக்கொள்ளுங்கள். மூலிகையின் ஊர்ப்பெயர், அதை எடுக்கும் காலம், கொடுக்கும் அளவு, கூறியவரின் தொழில், ஊர் ஆகிய அனைத்தையும் குறியுங்கள். பிறகு அப்பகுதி வைத்தியரோடு அமர்ந்து ஒவ்வொன்றையும் ஆராயுங்கள். இது காக்கும், இது தீங்கற்றது, இது கொல்லும் என்று பிரித்தெழுதி, அந்த முதியவரிடமே கொண்டுசென்று படித்துக் காட்டுங்கள்.

அவர் உங்களோடு வழக்காடுவார். வழக்காடட்டும். நொச்சியையும் அடம்பனையும் கண்டறிந்தவர் பரம்பரையில் வந்தவருக்கு, ஏன் என்று கேட்கும் உரிமை நம்மினும் மிகுதியாக உண்டு.